ஹாரன் நல்ல நிலையில் உள்ளது

“மறுபடியும் வந்துட்டாம்மா” என்றார் முத்தரசப்பன்.

“யாரு?”

“அந்தக் காது கேக்காதவன். புது வண்டிக்காரன். ஹாரன் அடிக்கலைங்கறான். நான் அமுக்குனா அடிக்குது. இதோட மூணு தடவை. இவனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

ஜெயசீலி ஒரு ஸ்கூட்டரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் டெஸ்ட் லைட். தலையைத் தூக்கவில்லை.

“அவரு பேரு என்ன?”

“தெரியாதும்மா.”

“மூணு தடவை வந்திருக்காரு.”



அறந்தாங்கியில், வண்டிகளுக்கு வயரிங் வேலை மட்டும் பார்க்கிற சின்னக் கடை அது. கடை ஜெயசீலியுடையது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. முத்தரசப்பனுக்கு நாற்பத்தாறு. பத்தொன்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். ஒன்றரை வருஷமாக இவளிடம் வேலை கற்றுக்கொள்கிறார்.

அவள் அவரை அண்ணே என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

அவர் வேலையில் தப்பு செய்தால் அவள் திட்டமாட்டாள். ஒரு கேள்வி கேட்பாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அவர் வெளியே போனார்.

வாசலில் கறுப்பு பைக் நின்றது. வாங்கி ஏழு வாரம்தான். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. பின்னால் பன் பெட்டி வைக்கிற இரும்புச் சட்டம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே ‘காது கேளாதவர்’ என்று ஒரு ஸ்டிக்கர்.

பக்கத்தில் நின்றவனுக்கு முப்பது வயது இருக்கும். முகம் இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

முத்தரசப்பன் அவன் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார். காற்றில் எழுதுவதுபோல விரலை ஆட்டினார்.

அவன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். உள்ளங்கையில் எழுதிக் காட்டினான்.

தென்னரசு.

முத்தரசப்பன் உள்ளே வந்தார். “தென்னரசாம்.”

“தென்னரசுக்கு என்ன பிரச்சினை?”

“அதாம்மா சொன்னேனே. ஹாரன்.”

“அது வண்டிக்கு. அவருக்கு என்ன பிரச்சினை?”

முத்தரசப்பனுக்குப் பதில் தெரியும். 

சொன்னார்.

தென்னரசு சிக்கந்தர் பாய் பேக்கரியில் வேலை செய்கிறான். காலையில் பன்னும் ரஸ்க்கும் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும். எட்டு வருஷம் சைக்கிளில் போனான். பிறகு அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கினான். பிறகு வண்டி வாங்கினான்.

வாங்கிய மூன்றாம் வாரமே மனைவி செங்கமலத்தோடு கடைக்கு வந்தான். அவளுக்குக் காது கேட்கும். அவள்தான் பேசினாள். ஹாரன் சில நேரம் வேலை செய்யவில்லை என்று இவர் சொல்கிறார் என்றாள். முத்தரசப்பன் பட்டனை அமுக்கினார். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது. மூவரும் சிரித்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள்.

“தென்னரசு சிரிச்சாரா?” என்றாள் ஜெயசீலி.

முத்தரசப்பன் யோசித்தார்.

“இல்லம்மா. நாங்க ரெண்டு பேருதான் சிரிச்சோம்.”

“அப்புறம்?”

போன வாரம் மீன் மார்க்கெட் திருப்பத்தில், கீரைக்கூடையோடு ஒரு அம்மா குறுக்கே வந்தார். பேர் அஞ்சலை. தென்னரசு பிரேக்கைப் பிடித்து ஹாரனை அமுக்கினான். அந்தம்மா திரும்பவே இல்லை. கடைசி நொடியில் வண்டியைப் பார்த்துப் பதறி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது.

கூட்டம் கூடிவிட்டது. காது கேக்காதவனுக்கு எதுக்குய்யா வண்டி என்றார்கள். ஹாரன் அடிச்சானா என்று அஞ்சலையிடம் கேட்டார்கள். சத்தமே வரலையே என்றார் அவர்.

தென்னரசு கட்டைவிரலைக் காட்டினான். அமுக்கிக் காட்டினான். திரும்பத் திரும்பக் காட்டினான்.

சிக்கந்தர் பாய் நியாயமான மனிதர். வண்டியைக் கடையில் காட்டி ஒரு சீட்டு வாங்கி வரச் சொன்னார். வண்டியில் கோளாறு என்றால் உன் மேல் தப்பில்லை என்றார்.

“நீங்க அன்னைக்கு ஸ்பேர் வாங்க புதுக்கோட்டைக்குப் போயிருந்தீங்க” என்றார் முத்தரசப்பன். “செங்கமலமும் அவனும் வந்தாங்க. நான் நல்லாத்தாம்மா பாத்தேன். பேட்டரி, ஃபியூஸ், சுவிட்சு எல்லாம் பாத்தேன். இருவது தடவை அமுக்குனேன். இருவதும் அடிச்சுது.”

“சீட்டு?”

“எழுதிக் குடுத்தேன்.”

“என்னன்னு?”

“ஹாரன் நல்ல நிலையில் உள்ளது.”

“கையெழுத்து?”

“என்னுது. கடை முத்திரையும் குத்தினேன்.”

ஜெயசீலி டெஸ்ட் லைட்டைக் கீழே வைத்தாள்.

“பாய் இவனை பன் போடற லைன்லேர்ந்து எடுத்துட்டாரு. இனிமே அடுப்படியில நில்லுன்னுட்டாரு. வண்டியை வித்துடச் சொல்லி வீட்லயும் சொல்றாங்களாம். நேத்து செங்கமலம் போன் பண்ணுச்சு. அவரு வந்தா எதையும் கழட்டாதீங்க, சும்மா பாத்து அனுப்பிடுங்கன்னுச்சு. இன்னைக்கு இவன் தனியா வந்திருக்கான்.”

வெளியே ஹாரன் அடித்தது. தென்னரசு பட்டனை அமுக்கிக்கொண்டு, இன்னொரு கையை ஹெட்லைட்டுக்குக் கீழே ஹாரன் மேல் வைத்திருந்தான்.

“பாருங்க, அடிக்குது” என்றார் முத்தரசப்பன். “காது கேக்காதவனுக்கு ஹாரன் அடிச்சுதா அடிக்கலையான்னு எப்படிம்மா தெரியும்?”

ஜெயசீலி கேட்டாள்: “மில்லுல எத்தனை மெஷின் பாத்தீங்க?”

“ஆறு.”

“அந்தச் சத்தத்துல ஒரு மெஷின் நின்னு போச்சுன்னா எப்படித் தெரியும்?”

“தெரியும்மா. கால்ல தெரியும். தரை அதிர்றது மாறும். மெஷின் மேல கையை வெச்சா போதும், எந்த இடத்துல…”

அவர் நிறுத்திவிட்டார்.

வாசலைப் பார்த்தார். தென்னரசின் கை இன்னும் ஹாரன் மேலேயே இருந்தது.

ஜெயசீலி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அஞ்சலையம்மா சத்தம் வரலைன்னாங்க. பொய் சொல்லியிருப்பாங்களா?”

“அவங்களுக்கு என்னம்மா தேவை?”

“தென்னரசு அமுக்குனேங்கறாரு. பொய்யா?”

முத்தரசப்பன் கொஞ்சம் தாமதித்தார். “இருக்காது.”

“நீங்க இருவது தடவை அமுக்குனீங்க. அடிச்சுது. அது பொய்யா?”

“சத்தியமா இல்லம்மா.”

“மூணும் நெசம்.”

“ஆமா.”

“மூணும் நெசமா இருக்கணும்னா, வண்டி எப்படி இருக்கணும்?”

முத்தரசப்பன் தலையைச் சொறிந்தார். “லூஸ் கனெக்‌ஷன் எங்கயாவது இருக்கணும். ஆனா அது எப்ப விடும், எப்ப பிடிக்கும்னு யாருக்கும்மா தெரியும்?”

ஜெயசீலி வாசலுக்குப் போனாள். ஒரு அட்டைத் துண்டை எடுத்து அதில் ஒரே வார்த்தை எழுதினாள்.

எப்போது?

தென்னரசு அந்த அட்டையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். அது நீளமான கேள்வி இல்லை.

பிறகு வேகமாக எழுதினான்.

‘பிரேக் பிடி. ஹாரன் அமுக்கு. கை நடுக்கம் இல்லை. பிரேக் விடு. நடுக்கம் உண்டு. எப்போதும் இப்படி.’

ஜெயசீலி அட்டையை முத்தரசப்பனிடம் நீட்டினாள். அவர் படித்தார். அவர் முகம் மாறியது.

“என்னண்ணே?”

“இதைத்தாம்மா மொத நாளே எழுதிக் குடுத்தான்.”

“படிக்கலையா?”

“படிச்சேன். ஏதோ வாக்கியமே சரியில்லாம இருக்கேன்னு… பொண்டாட்டிகிட்ட கேட்டேன். அந்தப் பொண்ணு சில நேரம் வரலைன்னுச்சு. அந்தத் தாளை வெச்சு…” அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். “பேட்டரித் தண்ணி சிந்துனதைத் துடைச்சேன்.”



முத்தரசப்பன் அவசரமாக வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றினார். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து ஹாரனை அமுக்கினார்.

அடித்தது.

பின் பிரேக்கை மிதித்து அமுக்கினார். அடித்தது. இரண்டையும் பிடித்து அமுக்கினார். நன்றாகவே அடித்தது.

“பிரேக் பிடிச்சாலும் அடிக்குதேம்மா!”

“வண்டி நிக்குதுண்ணே.”

“நின்னா என்ன?”

“அஞ்சலையம்மா முன்னாடி வந்தது நிக்கற வண்டியா?”

அவள் ஸ்கூட்டரிடம் திரும்பிப் போய்விட்டாள்.

முத்தரசப்பன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். தென்னரசை ஓட்டும்படி கை காட்டிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

ஒன்றரை வருஷத்தில் எந்த வாடிக்கையாளர் வண்டியிலும் அவர் பின்னால் உட்கார்ந்ததில்லை.

கிளம்பும் முன்னால் அவன் தோளைத் தொட்டுத் திருப்பினார். தன் காதைக் காட்டினார். பிறகு அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார். சத்தம் வந்தால் தட்டுவேன். வராவிட்டால் தட்டமாட்டேன்.

மில்லில் இருபதடி தள்ளி நிற்கிறவனிடம் இதைவிடப் பெரிய விஷயங்களை அவர் கையாலேயே சொல்லியிருக்கிறார். அதெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

தென்னரசு தலையாட்டினான்.

தாலுகா ஆபீஸ் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. அவன் ஹாரனை அமுக்கினான். சத்தம் வந்தது. முத்தரசப்பன் தட்டினார்.

மறுபடி அமுக்கினான். தட்டினார்.

மறுபடி. தட்டினார்.

பிறகு அவன் வேகத்தைக் கூட்டி, பிரேக்கைப் பிடித்தான். வண்டியின் முன்பக்கம் அமுங்கியது. அவனுடைய இடது கட்டைவிரல் பட்டனை அழுத்துவதை முத்தரசப்பன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

விரல் நன்றாகவே அழுந்தியிருந்தது.

சத்தம் இல்லை.

முத்தரசப்பனின் கை தூக்கியபடி அப்படியே நின்றது.

வண்டி நின்றது. தென்னரசு ஓரமாகக் காலை ஊன்றித் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்தான்.

முத்தரசப்பன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அவனுக்குச் சந்தேகம். அவர் தன் காதைத் தொட்டார். கையை விரித்தார். இல்லை. வரவில்லை. நீ சொன்னது சரி.

தென்னரசு முன்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு ஏறி இறங்கியது. முத்தரசப்பன் அவன் தோளில் கையை வைத்தார். தட்டவில்லை. வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஆறு முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஆறு முறையும், முன்பக்கம் அமுங்கியபோது ஹாரன் செத்தது. நிமிர்ந்ததும் உயிர் வந்தது.

திரும்பி வரும்போது ஒரு சைக்கிள்காரர் பின்னால் பார்க்காமல் சட்டென்று குறுக்கே வளைத்தார். தென்னரசு பிரேக்கைப் பிடித்தான். கட்டைவிரல் பட்டனுக்குப் போனது.

“ஏய்! ஓரம் போ!”

முத்தரசப்பன் கத்தினார். பத்தொன்பது வருஷம் மில் இரைச்சலோடு மல்லுக்கட்டிய குரல். சைக்கிள்காரர் பதறி ஓரத்துக்குப் போனார்.

தென்னரசுக்கு அவர் கத்தியது தெரியாது. ஆனால் முதுகில் அது அதிர்ந்தது. அவன் பாதி திரும்பி அவரைப் பார்த்தான்.

கடைக்கு வந்ததும் முத்தரசப்பன் உடனே இறங்கவில்லை.

“என்னண்ணே?” என்றாள் ஜெயசீலி.

“நெசம்மா. மூணும் நெசம்.”

“சரி.”

“அந்தச் சீட்டை நான் எழுதியிருக்கக் கூடாது.”

“அது அப்புறம். மொதல்ல வண்டி.”

அவர் இறங்கினார். ஸ்பேனரை எடுத்தார். “டேங்கைக் கழட்டி மெயின் வயரைப் பாத்துடறேன்.”

“எதையும் கழட்ட வேணாம். முன்னாடி உக்காருங்க.”

“சும்மாவா?”

“சும்மா.”

அவர் முன் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஜெயசீலி தென்னரசுக்குக் கையால் காட்டினாள். அவன் வண்டிமேல் உட்கார்ந்து முன் பிரேக்கைப் பிடித்தபடி, உடம்பின் பாரம் முழுவதையும் ஹேண்டில்பாரில் போட்டு அமுக்கினான். முன்பக்கம் இறங்கி ஏறியது.

“என்ன அசையுது?” என்றாள் ஜெயசீலி.

“எல்லாம்தான் அசையுது.”

“மறுபடி பாருங்க.”

தென்னரசு அமுக்கினான்.

“ஃபோர்க் அசையுது. மட்கார்டு அசையுது. பிரேக் ஆயில் போற ஹோஸ் வளையுது.”

“அதெல்லாம் அசையணும். அசையக் கூடாதது எது?”

முத்தரசப்பன் தலையை இன்னும் தாழ்த்தினார். கன்னம் கிட்டத்தட்ட டயரில் பட்டது.

தென்னரசு மறுபடி அமுக்கினான்.

அப்போது பார்த்தார்.

ஷோரூமில் கிராஷ் கார்டு என்கிற தடுப்புக் கம்பியை மாட்டியவர் யாரோ, அங்கே தொங்கிய வயரை ஒதுக்கிக் கட்டியிருந்தார். ஹாரனுக்குப் போகிற வயரையும் பிரேக் ஹோஸையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டேக். பார்க்க வெகு சுத்தமாக இருந்தது. வண்டி நிற்கும்போது ஒன்றுமில்லை. முன்பக்கம் அமுங்கும்போது ஹோஸ் வெளியே வளைந்தது. வளைந்த ஹோஸ் வயரை இழுத்தது. ஹாரனின் முனையில் சொருகியிருந்த வயர் நுனித் தகடு, லக், ஒரு நூலளவு நகர்ந்து விட்டுப்போனது. நிமிர்ந்ததும் மறுபடி போய்த் தொட்டது.

“கடவுளே” என்றார் முத்தரசப்பன். “ஹாரன் எப்ப வேணுமோ அப்ப மட்டும் அடிக்கல!”

கட்டிங் பிளேயரை எடுத்தார். டேக்கை வெட்டினார். வயர் தளர்ந்து விழுந்தது. லக்கை விரலால் தள்ளி மாட்டினார். தென்னரசு அமுக்கியபடியே ஹாரனை அழுத்தினான். அடித்தது. முன்பக்கம் இறங்க இறங்க அடித்துக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

தென்னரசு ஹாரன் மேல் கையை வைத்தான். பிரேக்கைப் பிடித்து மறுபடி அமுக்கினான். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“சரியாயிடுச்சும்மா!” என்றார் முத்தரசப்பன்.

“ஆமா” என்றாள் ஜெயசீலி. “வெட்டிட்டீங்க.”

அவள் சொன்ன விதம் அவருக்குப் பிடிபடவில்லை.

“வேற சீட்டு எழுதிக் குடுத்துடறேன்.”

“என்ன எழுதுவீங்க?”

“என்ன எழுதணும்?”

“நடந்தது.”

அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். மூன்று முறை கிழித்துப்போட்டு நாலாவதாக எழுதினார். பிரேக் பிடிக்கும்போது ஹாரன் வேலை செய்யவில்லை. இதை வண்டிக்காரர் முதல் நாளே எழுதிக் கொடுத்தார். நான் கவனிக்கவில்லை. முன்பு கொடுத்த சீட்டு தவறு. முத்தரசப்பன்.

முத்திரை குத்தினார். தென்னரசோடு பேக்கரிக்குப் போனார்.

சிக்கந்தர் பாய் ரஸ்க் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். சீட்டை வாங்கிப் படித்தார். மேஜை டிராயரைத் திறந்து பழைய சீட்டையும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டுலயும் ஒரே கையெழுத்து.”

“நான்தான் பாய்.”

“போன வாரம் ஹாரன் நல்லா இருக்குன்னு எழுதுனதும் நீங்க. இன்னைக்கு இல்லைன்னு எழுதறதும் நீங்க. நான் எதை எடுத்துக்கறது?”

“இதை.”

“பாத்தா நல்ல மனுசனாத் தெரியுறீங்க. இவனைப் பாத்துப் பாவப்பட்டு எழுதியிருக்கீங்க. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. அதுக்காக மறுபடி ரோட்ல விட முடியுமா? அஞ்சலை கையில கட்டுப் போட்டு உக்காந்திருக்கு.”

“பாவப்பட்டு எழுதல பாய்.”

“சரி. காட்டுங்க.”

முத்தரசப்பன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

காட்ட ஒன்றும் இல்லை. ஹாரன் இப்போது நன்றாக இருந்தது. எப்படி அமுக்கினாலும் அடிக்கும்.

வெட்டிட்டீங்க என்று அவள் சொன்னது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

தென்னரசு அவர் முகத்தையும் பாய் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என்ன பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. எப்படிப் போகிறது என்று தெரிந்தது. அவன் வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைக்கப் போனான்.

முத்தரசப்பன் அந்தக் கையைப் பிடித்தார்.

“பாய், பெட்டி கட்டற நூலு இருக்கா?”

“எதுக்கு?”

“ஒரு முழம் குடுங்க.”

நூலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஹாரன் வயரை எடுத்து, டேக் இருந்த அதே இடத்தில், பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டினார். நூல் கட்டுவது அவருக்கு ஒரு வேலையே இல்லை. மில்லில் அறுந்த நூலை நாள் பூராவும் முடிச்சுப் போட்ட கை.

தென்னரசு அவர் என்ன செய்கிறார் என்று குனிந்து பார்த்தான். புரிந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வயரை இழுத்துப் பிடித்துக் கொடுத்தான்.

“நீங்களே ஓட்டுங்க பாய்” என்றார் முத்தரசப்பன்.

“நானா?”

“நீங்கதான்.”

சிக்கந்தர் பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருக்கோடி வரை போனார். ஹாரன் அடித்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போது தெரு நடுவில் பிரேக்கைப் பிடித்தார்.

அவர் விரல் அழுந்துவது எல்லோருக்கும் தெரிந்தது.

பேக்கரிக்குள் வேலை செய்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவர் மறுபடி தெருக்கோடிக்குப் போனார். மறுபடி வந்தார். மூன்றாவது முறை வந்து நின்றபோது இறங்காமல் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

“ஏழு வாரமா இவன் இதை ஓட்டியிருக்கான்” என்றார். “மார்க்கெட் வழியா.”

பிறகு இறங்கினார். தென்னரசுக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ சொல்ல நினைத்துக் கையைத் தூக்கினார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இறக்கினார்.

“இவன்ட்ட எப்படிச் சொல்றது? செங்கமலத்தை வரச் சொல்லட்டுமா?”

“எழுதிக் காட்டுங்க பாய். அவரு படிப்பாரு.”

“படிப்பானா?”

“எழுதவும் செய்வாரு.”

சிக்கந்தர் பாய் திகைத்துப்போய் நின்றார். “எட்டு வருஷமா என்கிட்ட இருக்கான்யா.”

அவர் பழைய சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். என்ன எழுதினார் என்று முத்தரசப்பன் பார்க்கவில்லை. வண்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டிய நூலை அறுத்து, லக்கைக் குறடால் அமுக்கி இறுக்கி, வயரைச் சேஸிஸ் பக்கம் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து நிமிர்ந்தபோது தென்னரசு பதிலுக்கு எழுதிக்கொண்டிருந்தான். சீட்டில் இடம் போதவில்லை. பாய் பன் அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார்.

மறுநாள் பத்து மணிக்குச் செங்கமலம் கடைக்கு வந்தாள்.

ஜெயசீலி ஒரு பைக்கின் ஹெட்லைட்டைப் பிரித்து வைத்திருந்தாள். முத்தரசப்பன் எழுந்து ஸ்டூலைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

“காலைல லைனுக்குப் போயிட்டாருண்ணே” என்றாள். “போற வழியில அஞ்சலையக்கா வீட்டுக்கும் போனாராம். பாயும் கூடப் போயிருக்காரு.”

“நல்லதும்மா.”

“என் மேலதான் கோவமா இருப்பாருன்னு நெனச்சேன். இல்ல. ஒண்ணுமே காட்டிக்கல.”

அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“நான் நம்பலண்ணே. உங்க சீட்டைப் பாத்ததும் இவருதான் மறைக்கறாருன்னு முடிவு பண்ணிட்டேன். அஞ்சு நாளு அவருகிட்ட பேசல. அவரு கையைக் காட்டிக் காட்டிப் பேச வருவாரு. நான் கையைக் கட்டிட்டே உக்காந்திருப்பேன். திரும்பிக்குவேன். நான் பாக்கலைன்னா அவரு யாருகிட்டண்ணே பேசுவாரு?”



“என் சீட்டுனாலதாம்மா” என்றார் முத்தரசப்பன். “தப்பு என்னுது.”

“உங்களுக்கு அவரை ஒரு மாசமாத்தான் தெரியும். எனக்கு ஆறு வருஷம்.”

அவள் கொண்டுவந்த பன் பொட்டலத்தை ஸ்டூலின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

முத்தரசப்பன் அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்தார். ஒரு வயரை எடுத்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

“அம்மா.”

“ம்.”

“கூட வாழற பொண்ணே நம்பல. எட்டு வருஷம் வேலை வாங்குன மனுசன் நம்பல. நான் மூணு தடவை வண்டியைத் தொட்டுப் பாத்தவன். எனக்கும் நம்பிக்கை இல்ல.”

ஜெயசீலி ஹெட்லைட் பல்பைத் துணியால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க அவனை முன்னப் பின்னப் பாத்ததுகூட இல்ல. நீங்க மட்டும் எப்படிம்மா நம்புனீங்க?”

“நானா?” என்றாள் ஜெயசீலி. “நம்பலண்ணே. கேட்டேன்.”